சோல்கேலிபர் ஏன் இன்னும் சலிக்கவில்லை? ஆயுதச் சண்டை விளையாட்டைப் பற்றி ஒரு விவாத இழை

வேளிமலை (தக்கலை) எழுதியது:

சண்டை விளையாட்டுகளில் பெரும்பாலானவை வந்த வேகத்திலேயே மறக்கப்பட்டுவிட்டன. நாம்கோ நிறுவனம் 1998இல் காசு போட்டு ஆடும் ஆர்கேட் கூடங்களுக்கும் 1999இல் ட்ரீம்காஸ்ட் என்ற வீட்டுக் கன்சோலுக்கும் கொண்டுவந்த சோல்கேலிபர் மட்டும் அப்படி மறையவில்லை. நாகர்கோவிலில் மணிக்கணக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு பிளேஸ்டேஷன் ஆடவிட்ட கடைகளில் இதன் இரண்டாம், மூன்றாம் பாகங்களை ஆடிப் பழகியவர்கள் இன்று பிள்ளைகுட்டிக்காரர்களாகிவிட்ட பின்னும், ஊருக்கு வரும் விடுமுறையில் ஒன்றுகூடினால் இந்த விளையாட்டைத்தான் முதலில் கேட்கிறார்கள். பழைய நினைவின் பாசம் என்று மட்டும் இதைச் சொல்லிவிட முடியாது. அதே கடைகளில் அதே பாசத்தோடு ஆடிய வேறு பல விளையாட்டுகளை இன்று எடுத்துப் போட்டால் கால் மணி நேரத்தில் அலுத்துவிடுகிறது.

என் கருத்தில், இந்த ஈர்ப்புக்குக் காரணம் தூரம். வெறுங்கைச் சண்டை விளையாட்டில் இருவருக்கும் கை நீளம் ஏறக்குறைய ஒன்றுதான். யார் வேகமாக அடிக்கிறார், யார் எந்த வரிசையை மனப்பாடம் செய்திருக்கிறார் என்பதிலேயே ஆட்டத்தின் பெரும்பகுதி முடிந்துவிடும். சோல்கேலிபரில் கிலிக்கின் கையில் நீண்ட கம்பு, டாக்கியின் கையில் இரண்டு குட்டை வாள்கள், நைட்மேரின் கையில் ஆளுயரப் பெருவாள், ஐவியின் கையில் சாட்டையாக நீண்டு மீண்டும் வாளாகச் சுருங்கும் ஓர் ஆயுதம். ஆகவே திரையில் இருவருக்கும் நடுவே இருக்கும் வெற்றிடம் ஒவ்வொரு நொடியும் ஒருவருக்குச் சாதகமாகவும் மற்றவருக்குப் பாதகமாகவும் இருக்கிறது. இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கம்பின் நீளத்தைக் கண்ணால் பார்த்த மாத்திரத்தில், விளையாட்டே தெரியாத ஒருவருக்கும் எங்கே நிற்கக் கூடாது என்பது விளங்கிவிடுகிறது.

இதன்மேல் இன்னொரு விதியையும் அமைத்தார்கள். தாக்குதல்கள் அனைத்தும் கிடைமட்ட வீச்சு, செங்குத்து வெட்டு, உதை என்று பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பட்டன் தரப்பட்டது. நான்காவது பட்டன் தடுப்பதற்கு. செங்குத்து வெட்டு பொதுவாக வலிமையானது, ஆனால் பக்கவாட்டில் விலகினால் காற்றைத்தான் வெட்டும். கிடைமட்ட வீச்சு விலகி ஓடுகிறவரை வாரிப் பிடிக்கும், ஆனால் தலை உயரத்தில் வருவதாக இருந்தால் குனிந்து தப்பலாம். எட்டுத் திசையிலும் தடையின்றி நடக்கவும் ஓடவும் முதல் சோல்கேலிபரில் வழி செய்ததால்தான் இந்த விதிக்கு உயிர் வந்தது.

வாளேந்திய மிட்சுருகியை ஆடுகிறவர் கிலிக்கை எதிர்கொள்ளும் ஒரு கணத்தைப் பாருங்கள். மூன்றடி தள்ளி நின்றால் கம்பின் நுனி எட்டிவிடும், வாளின் நுனி எட்டாது. மிட்சுருகி நேராக முன்னேறினால் கம்பால் குத்து விழும். அந்தக் குத்தை எதிர்பார்த்துப் பக்கவாட்டில் காலெடுத்தால், கிலிக் ஆடுகிறவர் அதையும் எதிர்பார்த்துக் கம்பைச் சுழற்றியிருப்பார். அந்தச் சுழற்றலைத் தடுத்து நின்று, கம்பு திரும்புவதற்குள் ஓரடி உள்ளே புகுந்துவிட்டால் நிலைமை தலைகீழாகிவிடும். அரை நொடிக்குள் நடக்கும் இந்தப் பேச்சுவார்த்தையைத்தான் இத்தனை ஆண்டுகளாக நாம் திரும்பத் திரும்ப ஆடுகிறோம் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

கோட்டாறு வாசி எழுதியது:

நல்ல தொடக்கம், அண்ணாச்சி. வரலாற்று வரிசையை மட்டும் சேர்க்கிறேன். ஆயுதச் சண்டையை இருபரிமாணத்தில் நிலைநாட்டியது எஸ்என்கே நிறுவனத்தின் சாமுராய் ஷோடவுன், 1993. முப்பரிமாணத்தில் பிளேஸ்டேஷனுக்கு டோஷிண்டன் 1995இன் தொடக்கத்திலேயே வந்துவிட்டது. அதே ஆண்டின் இறுதியில் நாம்கோ கொண்டுவந்த சோல் எட்ஜ்தான் இந்த வரிசையின் முதல் விளையாட்டு. மேலைநாடுகளில் வீட்டுக் கன்சோலில் அது சோல் பிளேடு என்ற பெயரில் விற்கப்பட்டது. அதில் ஆயுதத்துக்கென்று தனியாக ஓர் அளவுகோல் இருந்தது. அடிகளைத் தடுத்துக்கொண்டே இருந்தால் ஆயுதம் உடைந்து, வெறுங்கையோடு நிற்க வேண்டிவரும். பின்னர் வந்த பாகங்களில் அந்த விதியைக் கைவிட்டார்கள், ஆனால் தடுத்துக்கொண்டே இருப்பவருக்கு ஏதாவது ஒரு விலை இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை ஒவ்வொரு பாகத்திலும் வேறு வேறு வடிவில் தொடர்ந்தார்கள். நான்காம் பாகத்தில் கவசங்கள் உடைந்து விழுந்தது அந்த எண்ணத்தின் நீட்சிதான்.

ட்ரீம்காஸ்ட் பதிப்பைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஆர்கேட் பதிப்பு ஓடிய சிஸ்டம் 12 என்ற பலகை, பிளேஸ்டேஷனின் உள்ளமைப்பைத் தழுவியது. ட்ரீம்காஸ்ட் அதைவிடப் பல மடங்கு வல்லமை உடையது என்பதால், காட்சிகளையெல்லாம் மெருகேற்றி, ஆர்கேடைவிட அழகான விளையாட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டுப் பதிப்பு என்றாலே தரம் குறைந்த நகல் என்று எல்லோரும் எண்ணிய காலத்தில் அது நடந்தது. ஜப்பானின் ஃபாமிட்சு இதழ் அதற்கு 40க்கு 40 மதிப்பெண் வழங்கியது.

நெடுவடி எழுதியது:

நான் சிலம்பமும் அடிமுறை என்ற தற்காப்புக் கலையும் பயில்கிறவன். வேளிமலை அண்ணாச்சி தூரத்தைப் பற்றி எழுதியதைப் படித்தபோது, களத்தில் எங்கள் ஆசான் ஓயாமல் சொல்வதை வேறொருவர் வாயால் கேட்பதுபோல் இருந்தது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கம்பு பிடிக்கிறவனுக்கு முதலில் கற்றுத்தரப்படுவது அடி அல்ல, காலடி. அடிமுறையில் ஒற்றைச்சுவடு, கூட்டுச்சுவடு என்று வரிசையாகக் கால்களைப் பழக்கிய பிறகே கையில் ஆயுதம் ஏறும். தலைக்கு மேலிருந்து இறங்கும் அடிக்குப் பின்வாங்குகிறவன் அடி வாங்குவான், ஏனென்றால் கம்பின் நுனி அவனைத் துரத்திக்கொண்டு வரும். அவன் பக்கவாட்டில் கால் மாற்ற வேண்டும். இடுப்பளவில் வரும் வீச்சுக்குப் பக்கவாட்டில் நகர்கிறவனும் அடி வாங்குவான். அவன் கம்பை ஏந்தித் தடுக்க வேண்டும், அல்லது வீச்சின் எல்லையைவிட்டு வெளியே இருக்க வேண்டும். உள்ளே புகுந்துவிட்டால் நெடுவடி என்ற நீண்ட கம்பின் நீளமே அதைப் பிடித்திருப்பவனுக்குச் சுமையாகிவிடும், அங்கே குட்டைக் கம்பு பிடித்த குறுவடிக்காரன்தான் ராஜா. சோல்கேலிபரின் அடிப்படை விதிகள் மூன்றையும் இங்கே பாருங்கள். விளையாட்டை உருவாக்கியவர்கள் நம் ஊர்க் கலையைப் பார்த்துச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஆயுதம் என்ற பொருளுக்கு உலகெங்கும் ஒரே இயல்புதான், அந்த இயல்பை அவர்கள் கூர்ந்து கவனித்திருக்கிறார்கள் என்பதே என் எண்ணம்.

கிலிக்கின் அசைவுகளில் எனக்குக் குறையும் தெரிகிறது, நிறையும் தெரிகிறது. கம்பை முதுகுக்குப் பின்னால் உருட்டி மறு கைக்கு மாற்றும் அலங்காரங்களை உண்மையான மோதலில் யாரும் செய்யத் துணியமாட்டார்கள். ஆனால் ஒரு வீச்சு முடிந்த இடத்திலிருந்தே அடுத்த வீச்சு பிறப்பதையும், கம்பின் இரு முனைகளும் மாறி மாறி வேலை செய்வதையும், கை போகும் திசைக்கு முன்னதாக இடுப்பு திரும்பிவிடுவதையும் அவர்கள் மிகச் சரியாகப் பிடித்திருக்கிறார்கள். சோல் எட்ஜ் காலத்திலேயே உண்மையான மனிதர்களின் அசைவுகளைப் பதிவு செய்து பயன்படுத்தியதன் பலன் இது. பத்மநாபபுரம் அரண்மனையில் காட்சிக்கு வைத்திருக்கும் பழைய வாள்களையும் குத்துவாள்களையும் நான் பலமுறை பார்த்திருக்கிறேன். கண்ணாடிக்குப் பின்னால் அசையாமல் கிடக்கும் வாள் அதன் எடையைச் சொல்வதில்லை. நைட்மேர் தன் பெருவாளை ஓங்கி, அது இறங்கித் தரையில் மோதி, அதைத் திரும்ப எடுக்க ஒரு கணம் திணறுவதைப் பார்க்கும்போது அந்த எடை நம் தோளில் இறங்குகிறது.

நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தியும் உண்டு. வோல்டோ என்ற கண் தெரியாத காவலன் இரு கைகளிலும் அணிந்திருப்பது கட்டாரி. விஜயநகரக் காலம் முதல் தென்னிந்தியாவில் வழங்கிய அந்த ஆயுதத்தை, கைப்பிடியை முட்டிக்குள் இறுக்கிக் குத்தும் அதன் முறையோடு, உலகம் முழுவதும் உள்ள இளைஞர்கள் அறிந்துகொள்ள இந்த விளையாட்டு ஒரு வழியாக அமைந்தது. கிலிக்கின் கம்புக்குக் கலியுகம் என்றும், சியாங்ஹுவாவின் வாளுக்குக் கிருதயுகம் என்றும், அவர்களோடு தொடர்புடைய கண்ணாடிக்குத் துவாபரயுகம் என்றும் பெயரிட்டிருக்கிறார்கள்.

குழித்துறைக்காரி எழுதியது:

எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மறுபக்கத்தையும் வைக்க விரும்புகிறேன். தூரம், திசை, காலடி என்று நீங்கள் சொல்வது அனைத்தும் எதிரில் ஓர் ஆள் உட்கார்ந்து ஆடும்போது உண்மை. ஆனால் என்னைப் போன்று பெரும்பாலும் தனியாக ஆடியவர்களுக்கு இந்த விளையாட்டு ஏன் இவ்வளவு பிடித்தது என்பதற்கு அது விடையாகாது. எங்கள் வீட்டில் அண்ணன் வெளியூருக்குப் படிக்கப் போன பிறகு எனக்கு எதிராளியே இல்லை. அதன் பிறகுதான் இந்த விளையாட்டில் முழுமையாக மூழ்கினேன்.

சோல் பிளேடில் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு பயணம் இருந்தது. ஊர் ஊராகச் சென்று, சண்டைக்குச் சண்டை ஒரு புது ஆயுதத்தை வெல்ல வேண்டும். இரண்டாம் பாகத்தின் வெப்பன் மாஸ்டர் பகுதியில் காற்று வீசும் மேடை, நஞ்சு பரவும் மேடை என்று ஒவ்வொரு சவாலுக்கும் ஒரு தனி நிபந்தனை. மூன்றாம் பாகத்தில் நமக்கென்று ஒரு பாத்திரத்தை உருவாக்க வழி வந்தபோது, முகம், உடை, ஆயுதம் என ஒவ்வொன்றையும் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு முழு விடுமுறையைக் கழித்தேன். சண்டை நன்றாக இல்லாவிட்டால் இவற்றையெல்லாம் யாரும் செய்திருக்கமாட்டார்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சண்டை மட்டும் இருந்திருந்தால் நான் ஒரு வாரத்தில் விட்டிருப்பேன்.

2012இல் வந்த ஐந்தாம் பாகம் இதற்குச் சான்று. நீங்கள் சொல்லும் விதிகள் அனைத்தும் அதில் இருந்தன. ஆனால் கதையைப் பதினேழு ஆண்டுகள் முன்னே தள்ளி, டாக்கிக்குப் பதிலாக நாட்சு, சியாங்ஹுவாவுக்குப் பதிலாக லேஷியா, கிலிக்கின் இடத்தில் ஷிபா என்று புதியவர்களைக் கொண்டுவந்தார்கள். இரட்டைக் கத்தி ஏந்திய சிறுமி டாலிமைக் காணவே இல்லை. தனியாக ஆடுவோருக்கான பகுதியோ மிகவும் சுருங்கிப்போனது. இத்தனை ஆண்டுகள் கூடவே வந்த மனிதர்களை ஒரு சொல்லும் இல்லாமல் வழியனுப்பிவிட்டதாகத்தான் எனக்குப் பட்டது. 2018இல் ஆறாம் பாகத்தை உருவாக்கியவர்கள் மீண்டும் முதல் கதையின் காலத்துக்கே திரும்பிப் போய், பழைய முகங்களை அழைத்துவந்தது தற்செயல் அல்ல. மக்கள் எதற்காக ஏங்கினார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

வேளிமலை எழுதியது:

குழித்துறை அக்கா முன்வைத்த வாதம் வலுவானது. ஐந்தாம் பாகத்தின் கதைப்பகுதி ஏமாற்றம் தந்தது என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் அதே ஐந்தாம் பாகத்தைப் போட்டிக்காக ஆடுகிறவர்கள் ஒதுக்கவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் நடக்கும் ஈவோ என்ற சண்டை விளையாட்டுப் போட்டியில் 2012ஆம் ஆண்டின் முதன்மை விளையாட்டுகளில் அது இடம்பெற்றது. ஆகவே இரண்டு வகையான மக்கள் இரண்டு வகையான காரணங்களுக்காக இந்த விளையாட்டிடம் வருகிறார்கள் என்பதுவரை உங்களோடு உடன்படுகிறேன்.

இருப்பினும், பாத்திரங்கள் மீது நமக்கு இருக்கும் பற்றும் ஆயுதத்திலிருந்துதான் பிறக்கிறது என்பதை இன்னும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். டாலிமை நினைத்தால் முழங்கைகளில் பொருத்திய அந்த இரட்டைக் கத்திகளும் காற்றோடு சுழலும் அவளுடைய நடையும்தான் கண்முன் வருகின்றன. வோல்டோவை நினைத்தால் எதிரிக்கு முதுகைக் காட்டியபடி சண்டையிடும் அந்த விநோதம் வருகிறது. வேறு பல விளையாட்டுகளில் பாத்திரத்தின் குணத்தை வசனத்தாலும் உடையாலும் சொல்வார்கள். இங்கே ஆயுதத்தை எப்படிப் பிடித்திருக்கிறார் என்பதே குணம்.

விருந்தினர்களாக வந்த பாத்திரங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 2003இல் இரண்டாம் பாகம் வீட்டுக் கன்சோல்களுக்கு வந்தபோது, கேம்கியூபில் செல்டா விளையாட்டுகளின் நாயகன் லிங்க், பிளேஸ்டேஷன் 2இல் டெக்கன் விளையாட்டின் ஹெய்ஹாச்சி, எக்ஸ்பாக்ஸில் காமிக்ஸ் நாயகன் ஸ்பான் என்று கன்சோலுக்கு ஒருவரைச் சேர்த்தார்கள். லிங்க் மிகப் பொருத்தமாக அமைந்தார். வாள், கேடயம், வில், பூமராங் என்று அவர் கொண்டுவந்த ஒவ்வொன்றும் தூரத்தின் மொழியில் பேசும் பொருள்கள். நான்காம் பாகத்தில் ஸ்டார் வார்ஸ் படங்களின் யோடாவைச் சேர்த்தபோது நிலைமை வேறு. அந்தச் சிற்றுருவத்தைப் பிடித்து எறிய முடியாது, தலை உயரத்தில் வரும் வீச்சுகள் அவர் மேல் படாமல் கடந்துவிடும். மற்ற எல்லாப் பாத்திரங்களுக்கும் பொதுவான அளவுகள் அவரிடம் செல்லவில்லை. திரைப்படத்தில் எனக்கு மிகவும் பிடித்த பாத்திரம் என்றாலும், அவரோடு ஆடிய ஆட்டங்களில் ஒருபோதும் மனம் ஒன்றவில்லை. ஆறாம் பாகத்தில் விட்சர் விளையாட்டிலிருந்து வாளேந்தி வந்த கெரால்ட் எவ்வளவு இயல்பாகப் பொருந்தினார் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். பாத்திரத்தின் புகழ் ஆளை உள்ளே அழைத்துவரும். அவரைத் தங்கவைப்பது ஆயுதமும் அளவும்தான்.

குழித்துறைக்காரி எழுதியது:

யோடாவைப் பற்றிச் சொன்னதை முழுமனதோடு ஏற்கிறேன். ஆனால் டாலிம் எனக்குப் பிடித்தது கத்திக்காக அல்ல. சண்டையை விரும்பாத ஒரு சிறு பெண், தன் கிராமத்தின் காற்று கெட்டுப்போனதை உணர்ந்து வீட்டைவிட்டுப் புறப்படுகிறாள் என்ற கதைக்காக. இந்த ஒன்றில் நாம் இருவரும் வேறு வேறு இடங்களில் நிற்பதே நல்லது.

குளச்சல் கரை எழுதியது:

இந்த இழையை முழுவதும் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். பெரியம்மா மகன் அண்ணன் எனக்கு இந்த விளையாட்டைக் காட்டினார். அவர் எப்போதும் கிலிக்கை எடுத்துக்கொண்டு கம்பைச் சுழற்றிக்கொண்டே இருக்கிறார், என்னால் அருகில் போகவே முடியவில்லை. நான் சோபிடியாவை ஆடுகிறேன். அண்ணன்மார் சொன்னதுபோல் பக்கவாட்டில் விலகிப் பார்த்தேன், அப்போதும் அடி விழுகிறது. ஆறாம் பாகம் கணினியில் இருக்கிறது, வீட்டில் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 3உம் இருக்கிறது. எந்தப் பாகத்திலிருந்து பழகுவது நல்லது, இந்தக் கம்புச் சுழற்சியை எப்படி எதிர்கொள்வது என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கோட்டாறு வாசி எழுதியது:

தம்பி, ஆறாம் பாகத்திலிருந்தே தொடங்குங்கள். பழைய பாகத்தின் சுவையையும் பார்க்க வேண்டும் என்றால், இரண்டாம் பாகத்தின் மெருகேற்றிய பதிப்பு 2013இல் பிளேஸ்டேஷன் 3க்கு வந்தது. அதில் ஹெய்ஹாச்சியும் ஸ்பானும் இருக்கிறார்கள், லிங்க் இல்லை.

ஆறாம் பாகத்தை இணையத்தில் ஆடுவதைவிட ஒரே அறையில் உட்கார்ந்து ஆடுவதையே பரிந்துரைப்பேன். அதன் இணைய அமைப்பு, இருவருக்கும் இடையிலான தாமதத்தைப் பட்டன் அழுத்தத்திலேயே சேர்த்துவிடும் பழைய முறையைச் சேர்ந்தது. இணைப்பு சற்றுத் தடுமாறினாலும், அரை நொடிக்குள் முடிவெடுக்க வேண்டிய இந்த விளையாட்டில் கண்ணுக்கும் கைக்கும் தொடர்பு அறுந்துபோகும். இவ்வளவு நல்ல விளையாட்டுக்கு இப்படிப்பட்ட இணைய அமைப்பைத் தந்தது எனக்குத் தீராத வருத்தம். நல்ல வேளையாக, உங்கள் அண்ணன் பக்கத்திலேயே இருக்கிறார்.

கம்புச் சுழற்சிக்கான வழியை நெடுவடி தம்பி என்னைவிட நன்றாகச் சொல்வார்.

நெடுவடி எழுதியது:

குளச்சல் தம்பிக்கு: நீங்கள் பக்கவாட்டில் விலகும்போது அடி விழுவதற்குக் காரணம், உங்கள் அண்ணன் ஏ பட்டனை, அதாவது கிடைமட்ட வீச்சை, அழுத்திக்கொண்டே இருப்பதுதான். விலகுகிறவரைப் பிடிப்பதற்கென்றே அமைந்த தாக்குதல் அது. ஆகவே முதலில் நடப்பதை நிறுத்திவிட்டு, தடுப்புப் பட்டனைப் பிடித்துக்கொண்டு நின்று பாருங்கள். ஒரு வரிசையில் எத்தனை வீச்சுகள் வருகின்றன, எது கடைசி என்பதை எண்ணுங்கள். கடைசி வீச்சு உங்கள் கேடயத்தில் மோதியதும் கிலிக் ஒரு கணம் அசையாமல் நிற்பார். அந்தக் கணம் உங்களுடையது. சோபிடியாவின் வாள் குட்டையானது, ஆனால் வேகமானது. அங்கே ஓரடி முன்னேறிக் குத்தினால் எட்டும்.

அடுத்த படியாக, பயிற்சிப் பகுதிக்குச் சென்று, கிலிக்கின் அந்த வரிசையை எதிராளியின் கையில் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஓடவிடுங்கள். நடுவில் தலை உயரத்தில் வரும் வீச்சு எது என்று கண்டுபிடித்தால், அங்கே குனிந்து எழும்போதே அடிக்கலாம். அது கைவந்த பிறகுதான் கார்டு இம்பாக்ட் பற்றி நினைக்க வேண்டும். எதிரியின் பக்கம் திசையை அழுத்தித் தடுப்புப் பட்டனையும் சேர்த்து அழுத்தினால், வரும் அடியை அடியாலேயே தட்டிவிடலாம். ஒரே தாளத்தில் சுழற்றுகிறவருக்கு எதிராக அது மிகவும் பயன்படும், ஏனென்றால் அடி வரும் நேரம் உங்களுக்கு முன்கூட்டியே தெரியும்.

உங்கள் அண்ணன் இரண்டு முறை தட்டுப்பட்டதும் தாளத்தை மாற்றுவார், பி பட்டனால் செங்குத்தாகக் குத்தத் தொடங்குவார். நீங்கள் விட்டுவைத்திருந்த பக்கவாட்டு நடை அப்போதுதான் பலன் தரும். அவரை மேடையின் விளிம்புக்கு முதுகு காட்டி நிற்கும்படி கொண்டுவந்துவிட்டு விலகினீர்கள் என்றால், அவருடைய உயிர்க்கோடு நிறைந்திருந்தாலும் கவலையில்லை. ஒரே தள்ளலில் வெளியே விழுந்தால் அந்தச் சுற்று உங்களுக்குத்தான். அடுத்த ஆட்டத்தில் அவர் எந்தப் பட்டனுக்கு மாறினார் என்று வந்து எழுதுங்கள், அதற்கேற்ப மேற்கொண்டு பேசுவோம்.